சமாதானச் சீட்டு

ஆயர் வந்து எண்ணெய் பூசித் தரும் உறுதிப்பூசுதலுக்கு எங்களைத் தயார்ப்படுத்திய விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. பரிசுத்த ஆவி இறங்கி வருவதற்கு முன்னரே எங்கள் கோயில் பங்கில் வேறு பல இறங்கிவிட்டன. கனடாவிலிருந்து சட்டைப் பொதிகள் இறங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோக்காரர் வந்திறங்கி, கோயிலுக்குள் எந்தத் தூணோரம் நின்றால் முகம் வெளிச்சமாக விழும் என்று பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக எங்கள் மறைக்கல்வி ரீச்சரின் கைப்பையிலிருந்து சமாதானச் சீட்டு இறங்கியது.

அது அரைத்தாள் அளவில் ஒரு போட்டோக்கொப்பி. மேலே ஒரு புறா. பிரதிக்குப் பிரதி எடுத்ததில் அது காகமாகிவிட்டிருந்தது. கீழே மூன்று வரிகள்: நான் மனத்தாங்கல் கொண்டிருந்தவர், நாங்கள் சமாதானமான நாள், அவருடைய கையொப்பம். ஆயர் வருவதற்கு முன்னர் ஒவ்வொரு பிள்ளையும் தான் கதைபேச்சு இல்லாமல் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சமாதானமாகி, இந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். வாங்காதவரின் பெயர் ஆயரிடம் போகும் பட்டியலில் இராது. கிராமசேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுப்பதுபோல மன்னிப்பையும் எடுத்துக்கொண்டு வரலாம் என்று ரீச்சர் நம்பியிருந்தார்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கும் வியாதி அந்த வயதிலேயே எனக்கு முற்றியிருந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் கோயில். ஆயர் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் உறுதிப்பூசுதல் கொடுக்க வருவார் என்பதால் வகுப்பில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளும் இருந்தார்கள், மீசை அரும்பியவர்களும் இருந்தார்கள். பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளையும் பெருக்கல் வாய்பாடுபோல ஒப்புவிக்க வேண்டும். ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம். விமரிசை என்றால் என்ன ரீச்சர் என்று ஒருவன் கேட்டான். ரீச்சர் அதைக் கேள்வியாக எடுக்கவில்லை, கொழுப்பாக எடுத்தார். அவன் மிச்ச வகுப்பு முழுக்க நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் கோபத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலை அறுந்ததற்குக் கோபம், வேலி அரை முழம் நகர்ந்ததற்குக் கோபம், திருநாளில் சொரூபக் கூடு தூக்க விடாததற்குக் கோபம். கோபக்காரர் இருவரும் ஒரே பூசையில் ஒரே வரிசையில் போய் நற்கருணை அப்பம் வாங்குவார்கள். பிறகு வாசலில் செருப்புப் போடும்போது ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பெரியவர்கள் எவரிடமும் யாரும் சீட்டை நீட்டவில்லை.

பிள்ளைகள் நாங்கள் செய்த வேலை அதைவிடக் கேவலம். உண்மையான கோபக்காரரிடம் போக யாருக்குப் பைத்தியம்? பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவரோடு ஒரு பொய்ச்சண்டையை எழுதி, மாறி மாறிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். இரண்டு பெடியன்கள், யார் முதலில் பிழை விட்டதாக எழுதுவது என்பதில் தர்க்கப்பட்டு, கோயில் வளவுக்குள் கட்டிப் புரண்டார்கள். ஒருவனுடைய சேட்டு கிழிந்தது. அந்த வகுப்பிலேயே நேர்மையாக நிரப்பப்பட்ட சீட்டுகள் அவர்களுடையவைதான்.

நான் என் சிநேகிதியோடு, பேனை இரவல் தராத கோபம் என்று எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உமக்கும் இவவுக்கும் எப்ப கோபம்?"

"போன கிழமை, ரீச்சர்."

"போன கிழமை இரண்டு பேரும் ஒரு ஐஸ்பழத்தை மாறி மாறிச் சூப்பினதை நான் கண்டனான்."

வகுப்பு சிரித்தது. ரீச்சர் என் சீட்டை இரண்டாகக் கிழித்தார்.

"உம்மடை வேலிக்கு அங்காலை ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். பெரியம்மாவின்ரை கையெழுத்தோடை வாரும். இல்லாட்டி ஆயர் வரேக்கை நீர் பின்வாங்கிலை இருந்து பாரும்."

சட்டை வந்துவிட்டது, வீடியோக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, அப்பாவின் தங்கச்சி ஞானத்தாயாக நிற்கக் கனடாவிலிருந்து வருவதாக அம்மா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பின்வாங்கில் இருப்பதைவிடச் சாவது மேல் என்று நினைத்தேன். ஆனால் பெரியம்மாவிடம் போவது அதைவிடப் பயமாக இருந்தது. அம்மாவும் அவருடைய சொந்த அக்காவும் ஆறு வருடமாகக் கதைக்காமல் இருப்பதற்கு நான்தான் காரணம். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வயதில் எனக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் ஊரில் நன்மைச் சாப்பாட்டுக்கு ஆட்களை வீட்டுக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகாது. அம்மா வெயிலில் ஊரெல்லாம் நடந்து சொன்னார். பக்கத்து வளவில் இருக்கிற அக்காவைக் கடைசிக்கு வைத்தார். முதல்நாள் பின்னேரம் பலகாரச் சட்டியை விட்டு அவரால் எழும்ப முடியவில்லை.

"பெரியம்மாட்டை ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வா. அம்மாவுக்கு அடுப்பை விட்டு வர ஏலாமல் கிடக்கு, நாளைக்கு விடியவே வரட்டாம் எண்டு சொல்லு."

இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஆள் நுழைகிற அளவில் ஒரு பொட்டு இருந்தது. நான் அதுவரைக்கும் போனேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து யாரோ, சட்டைப் பொதி வந்திட்டுது என்று கத்தினார்கள். நான் திரும்பி ஓடினேன். வெள்ளைச் சட்டையைப் போட்டு, முக்காட்டு வலைத்துணியைத் தலையில் வைத்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மாக்கையோடு வந்து கேட்டார்.

"சொன்னனியோ?"

"ஓம், சொன்னனான்."

"என்னவாம்?"

"வாறாவாம்."

மறுநாள் பெரியம்மாவுக்கென்று முன்விறாந்தையில் ஒரு கதிரை போட்டிருந்தது. ஆட்டுக்கறி மணம் வேலி தாண்டிப் போயிருக்கும், பாட்டுப் பெட்டிச் சத்தமும் போயிருக்கும். அவர் தன் குசினிக்குள் இருந்து, தங்கச்சி தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்து அழுதாராம். இங்கே அம்மா, கூப்பிட்டும் அக்கா வரவில்லை என்று நினைத்து, வந்தவர்களுக்கு முன்னால் முகம் சிவந்து நின்றார். நான் நடுவில் மெழுகுதிரியோடு படத்துக்கு நின்றேன்.

பிறகு ஆட்கள் இரண்டு பக்கமும் கதை காவினார்கள். பிள்ளையை விட்டுச் சொன்னனான் என்று அம்மா. ஒரு குஞ்சும் என்ரை படலையைத் திறக்கேல்லை என்று பெரியம்மா. கடைசியில் அம்மா ஒரு கேள்வி கேட்டார், ஊரே அதை ஒப்புக்கொண்டது.

"நாளைக்கு நன்மை எடுக்கப்போற பிள்ளை பொய் சொல்லுமோ?"

அதைவிட மடத்தனமான கேள்வியை நான் இதுவரை கேட்டதில்லை. நாளைக்கு நன்மை எடுக்கப்போகிற பிள்ளைதான் துணிந்து பொய் சொல்லும். அன்று காலையில்தான் பாவசங்கீர்த்தனம் முடிந்து, கணக்கெல்லாம் துடைத்தாயிற்று என்று அதற்கு நினைப்பு. என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை. பெரியம்மா பொய்க்காரியாகிப்போனார்.

வேலிப் பொட்டைப் பனையோலை வைத்து அடைத்தார்கள். அதுவரை எங்கள் கிணற்றில்தான் அந்த வீட்டாரும் அள்ளினார்கள். கோபத்துக்குப் பிறகு அவர்கள் தங்கள் வளவில் ஒரு கிணறு வெட்டினார்கள். உப்புத் தண்ணீர்தான் வந்தது. அந்த உப்புத் தண்ணீரிலேயே குளித்தார்கள், எங்கள் பக்கம் வரவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அனலைதீவுப் பக்கம் போய் வரும்வரைக்கும் கதைத்துச் சிரித்து, ஒரே வெற்றிலையைப் பங்கு போட்டுவிட்டு, கரையில் கால் வைத்ததும் முன்பின் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு ஒழுங்கையால் போவார்கள். பெண்சாதிமாருக்குப் பயந்த வீரர்கள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் புதுச் சீட்டோடு பெரியம்மாவின் படலையைத் திறந்தேன். அவர் இளகிய மனசுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய வாய்க்கு மீன் ஏலம் கூறுகிறவர்களே ஒதுங்கிப் போவார்கள். முற்றத்தில் சாக்கை விரித்துக் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"ஆர் அனுப்பினது?"

"ரீச்சர்."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

கையைச் சீலையில் துடைத்துவிட்டுச் சீட்டை வாங்கி எட்டப் பிடித்து, ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"உனக்கும் எனக்கும் என்னடி மனத்தாங்கல்?"

நான் சாக்கில் கிடந்த கருவாட்டைப் பார்த்தேன்.

"அண்டைக்கு நீ வந்தனியோ?"

ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மூன்று மாதமாக என்னை ஆன்மீகத்தில் ஊறப்போட்டிருந்தார்கள். ஏழு கொடையும் மனப்பாடம். வரேல்லை பெரியம்மா என்று சொல்லக் கொஞ்சம் மூச்சுப் போதும். நான் சொன்னது இது:

"வந்தனான் பெரியம்மா. நீங்கள் உங்கடை கிணத்தடியிலை குனிஞ்சு நிண்டனீங்கள். எட்ட நிண்டு சொல்லிப்போட்டு ஓடிவந்திட்டன். உங்களுக்குக் கேட்கேல்லைப் போல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, தன்னுடைய கிணற்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி, முழங்காலில் சீட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கொண்டு போ. கருவாட்டு நாத்தம் பிடிக்கப்போகுது."

தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் ஒழுங்கை முழுக்க ஓடினேன். எங்கள் படலையில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த வளவில் கிணறே இல்லை. என் பொய்யால் வந்த கோபத்தில் வெட்டிய கிணற்றை, அந்தப் பொய்க்குச் சாட்சியாக அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த காலம் அன்றோடு முடிந்தது.

ரீச்சர் என் சீட்டை வகுப்புக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார். அவருடைய கண் கலங்கியது.

"பாத்தீங்களோ பிள்ளையள், இதுதான் ஆவியானவரின்ரை வேலை."

அடுத்தது தியானம். அதை நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குழு கித்தாரும் ஒலிபெருக்கியும் கொண்டு வந்தது. பட்டப்பகலில் மண்டப யன்னல்களைச் சாத்தி, மெழுகுதிரி கொளுத்தி, ஒருவர் மெல்லிய குரலில் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, உங்கள் அம்மா இறந்து கிடப்பதாக நினைத்துப் பாருங்கள் என்றார். கொஞ்சப் பிள்ளைகள் விம்மத் தொடங்கியதும் கித்தார்க்காரர் சுருதியை ஏற்றினார். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க வருகிறவர்களுக்கு இதைவிட வெட்கம் உண்டு. மின்சார விசிறியும் நிறுத்தியிருந்ததால் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதையும் ஆவியின் கணக்கில் சேர்த்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம். ரீச்சர் முன்கூட்டியே பாவங்களுக்கும் ஒரு பட்டியல் தந்திருந்தார். வேண்டியதை எடுத்துச் சொல்லலாம்.

"பொய் சொன்னனான், சுவாமி."

"எத்தினை தரம்?"

"கொஞ்சத்தரம்."

மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். எனக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள், பாவம் அவரும் சாப்பிடவில்லை. நான் அந்த மூன்றையும் வாங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

பின்னேரம் தாய்மார் தேத்தண்ணியும் பணிசும் கொண்டு வந்து மண்டபத்தின் பின்னால் நின்றபோது, ரீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் தந்தார். சாட்சியம் சொல்ல வேண்டுமாம். மறுத்திருக்கலாம். மற்றவர்கள் அழுத அழுகையைப் பார்த்து அவ்வளவு நேரம் உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்த நான், அவர்கள் எல்லோரையும் விட நன்றாகச் செய்தேன். படலையில் கை வைத்தபோது கை நடுங்கியது என்றேன். இயேசு என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார் என்றேன். சரியான இடத்தில் குரலை உடைத்தேன். கித்தார்க்காரர் தானாகவே வாசிக்கத் தொடங்கினார். பின்னால் தேத்தண்ணிக் கேத்தலைப் பிடித்துக்கொண்டு அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அம்மா அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் பின்னேரம் அவர் கோயில் சீலையை உடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, ஒழுங்கையால் சுற்றிப் பெரியம்மா வீட்டுக்கு நடந்தபோது நான் காலை இழுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா அந்தக் கிணற்றைப் பற்றி ஒருமுறை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"அக்கா," என்றார் அம்மா, படலைக்கு வெளியே நின்று.

"வா," என்றார் பெரியம்மா.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கருவாட்டைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கதைத்தார்கள். பிறகு அம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

"மாதாவாணை, நான் அண்டைக்குப் பிள்ளையை அனுப்பினனான் அக்கா. நீ ஒருதரும் வரேல்லை எண்டு சொல்லுறாய். என்ரை பிள்ளை பொய் சொல்லாது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அந்தப் பாழாய்ப்போன கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தால் என் சட்டை, வீடியோ, சாட்சியம் எல்லாம் அந்தக் கிணற்றுக்குள் போயிருக்கும். நான் வாயைத் திறந்தால் அவருடைய ஆறு வருடம் திரும்பிக் கிடைத்திருக்கும். நான் திறக்கவில்லை.

"ஓம்," என்றார் பெரியம்மா. "வந்தவள்தான். நான்தான் மறந்துபோனன்."

"மறந்தனியோ? இவ்வளவு வருசமாவோ?"

"ஓம். மறந்துபோனன்."

அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அழுகைக்குள்ளே, தான் சொன்னதுதான் சரி என்ற திருப்தியும் இருந்தது. அதை நான் நன்றாகக் கண்டேன், எனக்கு அம்மாமீது வெறுப்பு வந்தது. என்மீது வர வேண்டிய வெறுப்பை அப்போது வசதியாக அங்கே திருப்பிவிட்டேன்.

கனடாக்காரிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா பெரியம்மாவையே ஞானத்தாயாக நிற்கக் கேட்டார். உறுதிப்பூசுதல் அன்று அவர் எனக்குப் பின்னால் நின்று, முறைப்படி வலக்கையை என் தோளில் வைத்தார். சவுக்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தும் அந்தக் கையில் கருவாட்டு மணம் இருந்தது. கை அழுத்தவும் இல்லை, நடுங்கவும் இல்லை, சும்மா இருந்தது. ஆயர் என் நெற்றியில் எண்ணெய் பூசி, சமாதானம் உன்னோடு இருப்பதாக என்றார். உம்மோடும் இருப்பதாக என்று நான் சத்தமாகப் பதில் சொன்னேன். வீடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, அதே ஊரில்தான் இருக்கிறேன். வேலிப் பொட்டை மறுபடியும் திறந்துவிட்டார்கள். உப்புக் கிணற்றுக்குள் சருகு நிறைந்து கிடக்கிறது. ரீச்சர் தள்ளாத வயதிலும் ஒவ்வொரு முறையும் புதுப் பிள்ளைகளுக்கு என் கதையைச் சொல்லிச் சீட்டுக் கொடுக்கிறார். பக்கத்துப் பங்குகளும் அதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றன. புறா இப்போது கறுப்புப் புள்ளியாகிவிட்டது.

போன வருடம் ஒருநாள், பெரியம்மாவோடு தனியே கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு நான் வரேல்லை, பெரியம்மா."

அவர் நிமிரவில்லை.

"அதை எனக்கேன் சொல்லுறாய்? எனக்குத் தெரியும்தானே."

யாரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அம்மாவுக்கு இப்போது பிரஷர், நெஞ்சுவருத்தம், அது இது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுக் கிடைக்கிறது. போன மாதம் என் மகளின் முதல் நன்மை. முதல்நாள் அம்மா தானே வேலிப் பொட்டால் நுழைந்து போய், முற்றத்தில் ஆட்கள் நிற்க, பெரியம்மாவை அழைத்தார். ஒவ்வொரு விசேசத்துக்கும் சொல்லுகிற பகிடியையே அன்றைக்கும் சொன்னார்.

"அக்கா, நாளைக்குச் சாப்பாடு. இந்த முறையும் மறந்துபோயிடாதை!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.